கடைசியில் நிற்கிறவர்களுக்குக் கேட்கிறதா

அக்டோபர் 24, வெள்ளி. விழுப்புரம்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. கூடத்தில் குறுக்கே கொடி கட்டினேன். கமலாவுக்குப் பிடிக்கவில்லை; போகும்போதும் வரும்போதும் ஈர வேட்டி முகத்தில் உரசுகிறதாம்.

ஏழுமலை கொடுத்தனுப்பிய கேசட்டைச் சுத்தம் செய்தேன். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை. பஞ்சு, ஸ்பிரிட், பொறுமை. ஒரு பக்கம் தேறியது. கணினியில் ஏற்றியாயிற்று. குறிப்பு: ஒலக்கூர் பக்கம், கல்யாண வரவேற்பு, வருடம் தெரியவில்லை, பின்னால் ஜெனரேட்டர், மூன்றாவது பாட்டில் குழந்தை அழுகை.

வாட்ஸ்அப் குழுவின் அறிமுகத்தை மறுபடி திருத்தினேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று ரகீம் பாய் சொல்லியிருந்தார். இப்போது இப்படி:

"ரெஜினா அம்மா திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் இருபது ஆண்டுகள் மெல்லிசைக் குழுவில் பாடியவர். கோயில், சர்ச், தர்கா, கல்யாண வரவேற்பு, எல்லா மேடையிலும். சினிமாவில் பாடியதில்லை. இசைத்தட்டு இல்லை. அன்று கூட்டத்தில் நின்று பதிவு செய்தவர்களின் கேசட்டுகள் மட்டுமே மிச்சம். அவற்றைச் சேர்ப்பதும் கேட்பதும் இக்குழுவின் வேலை. காலை வணக்கப் படம், அரசியல், பார்வர்டு வேண்டாம்."

'மறக்க முடியாத குரல்' என்று முதலில் இருந்தது. எடுத்துவிட்டேன். மறந்துவிட்டார்கள் என்பதால்தானே குழு.

மாலை ஆறுக்கு வழக்கம்போல் குழுவில் ஒரு பாட்டு; இன்று அந்தக் கேசட்டின் இரண்டாவது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் அந்த அம்மா மைக்கைத் தட்டி, "கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்குதா?" என்பார். அதை மட்டும் நான் வெட்டுவதில்லை. அதற்கும் பாட்டுக்கும் இடையில் உள்ள கரகரப்பு, தட்டல், பேச்சு எல்லாம் வெட்டிச் சுத்தமாக்கிப் போடுகிறேன். யார் ஆரம்பித்தாரோ, பாட்டைக் கேட்டவர்கள் கீழே "கேக்குது" என்று ஒரு வார்த்தை போடுவது குழுவில் வழக்கமாகிவிட்டது. வகுப்பில் ஆஜர் சொல்வது மாதிரி. ஒருவர் இரண்டு நாள் சொல்லாவிட்டால் மற்றவர்கள் விசாரிக்கிறார்கள்.

இன்று ஏழுமலையிடமிருந்து குரல் செய்தி. ஒலக்கூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். எதையும் எழுதமாட்டார், பேசித்தான் அனுப்புவார். "சார், ரெண்டாவது பாட்டு நடுவுல ஒருத்தர் இருமறாரு பாருங்க, அது எங்க சின்ன மாமா. அவரு போயி எவ்ளோ காலமாச்சு. வூட்ல எல்லாரும் அந்த இருமலையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கினு இருக்கோம்."

காலையில் அந்த இருமலை நீக்கத்தான் பார்த்தேன். பாட்டின் நடுவில் வந்ததால் முடியவில்லை. நல்ல வேளை.

கமலா: "உங்க ஆளு இன்னிக்கு இன்னா பாடினாங்க?" ஐந்து வருடமாக இதே கேலி.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். மின்வாரியத்துக்குப் போகவேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை.

ரகீம் பாய் போன் செய்தார். தொலைபேசி இலாகாவில் முப்பது வருடத்துக்கு மேல் ஊருக்கெல்லாம் கம்பி இழுத்தவன் நான். இன்றும் எனக்குப் போன் வந்தால் எடுக்காமல் மணி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பாய் அதைத் தெரிந்துகொண்டு முதலில் "பேசலாமா சார்?" என்று எழுதிவிட்டுத்தான் கூப்பிடுவார்.

கோட்டக்குப்பத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார். வாலிபத்தில் குவைத்தில் இருந்தவர். போகும்போது எடுத்துப் போனது ரெஜினா அம்மாவின் ஒரே ஒரு கேசட். எட்டுப் பேர் ஒரே அறையில், அதைக் கேட்டுத்தான் சண்டை போடாமல் தூங்கினார்களாம்.

செய்தி: அந்த அம்மா குழுவின் டிரம்ஸ்காரர் அந்தோணியைக் கட்டிக்கொண்டார். திண்டிவனத்தில் குடியிருந்தார்கள். அந்தோணி இறந்து பல வருடம். அந்த அம்மா இருக்கிறாரா இல்லையா, யாருக்கும் தெரியவில்லை.

பாய் சொன்ன யோசனை: "ரெண்டாந் தேதி கல்லறைத் திருநாள் சார். திண்டிவனத்துக் கிறிஸ்டியன் ஜனம் மொத்தமும் கல்லறைத் தோட்டத்துல இருக்கும். போயி நில்லுங்க. அந்தோணி கல்லறை எதுன்னு கேளுங்க. பக்கத்துல யாரு மெழுகுவத்தி ஏத்தறாங்களோ அவங்கதான் குடும்பம். ஒரு மணி நேர வேலை."

அவருக்கு அன்று கடையை விட முடியாது. எனக்குத்தான் பக்கம். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து மனம் சரியில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

போகவில்லை.

பேருந்து நிலையம் வரை போனேன். திண்டிவனம் வண்டியில் மாலையும் சாமந்திப் பொட்டலமுமாய் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். அவ்வளவு பேர் அழுகிற இடத்தில் நான் போய் நின்று யார் காதில் என்ன கேட்பது? "உங்கள் அம்மாவின் ரசிகன்" என்றா? எழுபதைத் தாண்டியவன்.

பாதி விலைக்குக் கிடைத்த பீர்க்கங்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நாளைக்குப் போகலாம். கூட்டம் இருக்காது.

நவம்பர் 3, திங்கள்

காலைப் பேருந்தில் தி.வனம். கல்லறைத் தோட்டத்தில் யாருமே இல்லை. நான் விரும்பியதும் அதுதான். பெருக்குகிற அம்மாள் ஒருத்தி. கேட்டேன். "எனக்கு யாரையும் தெரியாது சாமி, குப்பை வார வந்தேன்."

முறையாகத் தேடினேன். வாசலிலிருந்து ஒவ்வொரு வரிசையாக. ஒவ்வொரு கல்லாகப் படித்தேன். தமிழில் எத்தனை விதமாக இறப்பைச் சொல்கிறார்கள்.

வேப்பமரத்துக்குக் கீழே கிடைத்தது. அகலமான கல், இரண்டு பேருக்கு. இடப்பக்கம் அந்தோணி. தோற்றம், மறைவு, இரண்டு தேதியும். வலப்பக்கம் ரெஜினா. தோற்றத்துக்குத் தேதி. அதற்குக் கீழே பூ. நேற்றைய சாமந்தியும் ரோஜாவும் குவியலாக. மேலே மெழுகு வழிந்து இறுகியிருந்தது.

பூவை விலக்கிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. யாரோ அழுதுகொண்டே வைத்த பூ. அதைத் தொட நான் யார்? தொடவில்லை.

கொஞ்ச நேரம் நின்றேன். படம் ஒன்று எடுத்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கமலா சாப்பாடு போட்டபோது சொன்னேன். இன்று கேலி இல்லை. "வயசு என்ன இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 4, செவ்வாய்

பகலெல்லாம் எழுதி எழுதி அழித்தேன். ஆறு மணிக்குப் பாட்டுக்குப் பதில் கல்லறைப் படம். கீழே நாலு வரி. அந்த அம்மா இறந்துவிட்டதை நேரில் போய் உறுதி செய்ததாக எழுதினேன். உறுதி செய்தேன் என்றே எழுதினேன்.

இத்தனை நாள் "கேக்குது" தவிர ஒன்றும் எழுதாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். அந்த அம்மா பாடிக்கொண்டிருந்தபோது மணமேடையில் தாலி கட்டியவர் ஒருவர். திருவிழாவில் தொலைந்துபோய் மேடையேற்றப்பட்டு, பெற்றோர் வரும்வரை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்மணி. சுருதி கொஞ்சம் ஏற்றிப் பாடுவார், ஆனாலும் குரல் குரல்தான் என்று ஒரு ஆசிரியர்.

பாய் எழுதியது: "எட்டுப் பேருக்கும் அம்மா முகம் மறந்து போன நாட்டில் எங்களைத் தூங்க வைத்தவர். நேரில் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேன்."

படித்து முடிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

இதை எழுதக் கூசுகிறது.

பத்து மணிக்கு ஏழுமலை நேராகவே போன் செய்தார். எடுத்தேன். பேருந்து இரைச்சல்.

"சார், மாலை வாங்கிக்கினு திண்டிவனம் வந்தேன். சர்ச்சாண்ட விசாரிச்சு வூட்டக் கண்டுபுடிச்சேன். கதவத் தட்டினேன்." போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். "அந்தம்மாவே வந்து கதவத் தொறந்துச்சு சார்."

முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

ஏழுமலை கையில் ரோஜா மாலையோடு நின்றிருக்கிறார். எதற்கு வந்தாய் என்று அந்த அம்மா கேட்க, பொய் வராமல் உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாராம். பிறகு, "வாங்கிக்கினு வந்தத வீணாக்காத, அவருக்குப் போட்டுட்டுப் போ" என்று உள்ளே அந்தோணியின் படத்தைக் காட்டினாராம். போட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

கல்லறையில் பெயர் எப்படி என்றும் கேட்டிருக்கிறார். கணவருக்குக் கல் வைக்கும்போதே பக்கத்தில் மனைவி பெயரையும் வெட்டி வைத்துவிடுவது அங்கே உண்டாம். மறைவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அந்தக் காலியிடத்தின் மேல்தான் பூ இருந்தது.

நம் பக்கம் எரித்துவிடுகிறோம். எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு மனம். ஒரு நாள் முன்னால் போயிருந்தால், ஒருவரைக் கேட்டிருந்தால், ஒரு பூவை நகர்த்தியிருந்தால் என்று இன்னொரு மனம். இரண்டாவது சொல்வதுதான் சரி.

நவம்பர் 7, வெள்ளி

குழுவில் மன்னிப்பு எழுதினேன். பொறுப்பை ரகீம் பாயிடம் கொடுத்துவிட்டு விலகுவதாகவும் எழுதினேன். பாய் உடனே தனியாக: "பேஜாரு பண்ணாதீங்க சார். செத்ததா வதந்தி வந்தா நூறு வயசுன்னு சொல்லுவாங்க. நீங்க குடுத்தது நூத்தியொண்ணு."

குழுவில் சிரிப்பு முகங்கள். யாரும் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

மதியம் தெரியாத எண். ஸ்டெல்லா, ரெஜினா அம்மாவின் ஒரே மகள். தி.வனத்தில் ஒரு பள்ளியில் அலுவலக வேலை. ஏழுமலை எண் கொடுத்திருக்கிறார். திட்டுவாள் என்று நின்றுகொண்டே பேசினேன்.

"அம்மா கேக்கறாங்க சார், அவங்களப் பத்தி எழுதினதெல்லாம் இன்னும் இருக்குதா, அழிச்சிட்டீங்களா? அழிக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. படிச்சிக் காட்டணுமாம்."

ஸ்டெல்லாவைக் குழுவில் சேர்த்தேன். விலகுகிற பேச்சு அத்தோடு நின்றது.

நவம்பர் 12, புதன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

ஆறு மணிக்கு ஸ்டெல்லா போனை அம்மாவின் காதருகே வைக்கிறாளாம். அவர்களிடம் ஒரு கேசட்கூட இல்லை. பழைய வீட்டில் வெள்ளம் புகுந்தபோது போனது. தன் குரலை அவர் கேட்டே பல வருடம்.

இன்று பாட்டு தேர்ந்தெடுக்க மூன்று மணி நேரம். கேட்கப்போவது அவர் அல்லவா. கமலா எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கீங்க" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு. திண்டிவனம் போய் வந்து

கமலா வராவிட்டால் போயிருக்கமாட்டேன். வாசல் வரை வந்தும் நான் தெருப்பெயரைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தட்டினாள்.

சின்ன வீடு. அந்தோணி படத்தில் ஏழுமலையின் மாலை, காய்ந்து. அந்த அம்மா நாற்காலியில். கால் இரண்டும் வீங்கி ஸ்டூல் மேல். இதயம் பலவீனம், மூச்சுக்கு மாத்திரை. நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு விடவேண்டும். பேச்சுக்குரல் பாட்டுக்குரல் போல இல்லை. பிறகு மெதுவாக, அதுவேதான் என்று தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கத் தயார் செய்திருந்தேன். ஆரம்பித்தேன். கையை ஆட்டி நிறுத்தினார்.

"இத்தினி வருசம் பாடினேன் சார், ஒருத்தரும் ஒரு வரி எழுதினதில்ல. செத்த அன்னிக்குத்தான் வந்துச்சு. அதுலயும் ஒரு வாத்தியாரு, சுருதி ஏத்திப் பாடுவேன்னு எழுதியிருக்காரு. செத்தவளக்கூட வுடல."

கமலா வாய்விட்டுச் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் சட்டென்று ஒட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் நான் எங்கே நின்று பாட்டுக் கேட்பேன் என்று அந்த அம்மா கேட்டதற்குக் கமலாவே பதில் சொன்னாள்: கடைசியில், ஜெனரேட்டர் பக்கத்தில், டேப் ரெக்கார்டரைத் துண்டு போட்டு மூடிக்கொண்டு. கல்யாணமான புதிதில் அவளையும் அங்கேதான் நிற்க வைத்தேனாம். இரண்டு காதும் அடைத்துப்போகுமாம்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "அப்போ உங்களத்தான் கேட்டுக்கினு இருந்தேனா? கேக்குதா கேக்குதான்னு. ஒருநாளும் பதில் வந்ததில்ல. கேக்குதுன்னு நானா நெனச்சிக்கினு பாடுவேன்."

கேட்டது என்று இப்போதாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் சொல்லாததுதானே.

கிளம்பும்போது இரண்டு விஷயம் கேட்டார்.

ஒன்று, எழுதினவர்கள் எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கவேண்டும். பாட முடியாது. உட்கார்ந்து முகங்களைப் பார்ப்பாராம்.

இன்னொன்றைச் சொல்லத் தயங்கினார். "பாட்டு எடுக்கறதுக்கு முன்னாடி அவரு குச்சிய ரெண்டையும் தட்டிக்கினு, ஒன் டூ த்ரீன்னு எண்ணுவாரு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தொண்ட தொறக்கும். நீங்க போடற பாட்டு எதுலயும் அது காணோமே சார். டேப்புல விழலியா?"

விழுந்தது. எல்லாவற்றிலும் விழுந்தது. கரகரப்பு என்று நான் வெட்டினேன். அந்தோணியின் குரல் என்று தெரியாமலே, ஐந்து வருடமாக, ஒவ்வொரு பாட்டிலும்.

மூலப் பதிவு வீட்டில் இருக்கிறது, திரும்பச் சேர்த்துத் தருகிறேன் என்றேன். அவர் முகத்தை இங்கே எழுதத் தெரியவில்லை.

நவம்பர் 19, புதன்

வேலை தொடங்கியாயிற்று. மூலத்திலிருந்து ஒவ்வொரு பாட்டாக மறுபடி. குச்சிச் சத்தம், எண்ணிக்கை, பிறகு பாட்டு. சில மேடைகளில் அந்தோணி இருமிவிட்டு எண்ணுகிறார். ஒன்றில் "ரெஜினா, ரெடியா?" என்கிறார். இத்தனை நாள் இது எனக்குக் குப்பை.

முப்பதாம் தேதி, ஞாயிறு சந்திப்பு என்று குழுவில் அறிவித்தேன். வருகிறவர்கள் ஊர், பேருந்து, சர்க்கரை உண்டா என்று எழுதச் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் வருகிறார்கள். ஏழுமலை மல்லாட்டை வேகவைத்துக் கொண்டுவருவார்.

எல்லாப் பாட்டையும் முடித்து ஒரு பென்டிரைவில் போட்டு அன்று அவர் கையில் கொடுக்கவேண்டும்.

கமலா: "அந்தம்மா கேட்டது எண்ணற சத்தம். ஒரு பாட்ட இன்னிக்கே ஸ்டெல்லாவுக்கு அனுப்புங்களேன். மீதிய அப்புறம் குடுங்க."

அரைகுறையாக வேண்டாம் என்றேன். எல்லாமாகச் சேர்த்துக் கேட்கும்போதுதான் அதற்கு மதிப்பு. தினசரி ஆறு மணிப் பாட்டைக்கூட நிறுத்தி வைத்திருக்கிறேன். வெட்டினதைப் போட மனமில்லை, வெட்டாததை அன்றைக்கு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 27, வியாழன்

புயல் எச்சரிக்கை. தொலைக்காட்சியில் வரைபடம், அம்புக்குறி. நம் கரையை நோக்கித்தான்.

வேலை பாதிதான் ஆகியிருக்கிறது. கண்ணில் நீர் வடிகிறது. ஒரே பாட்டின் எண்ணிக்கையை நாலு முறை கேட்டுச் சரிசெய்கிறேன்.

சந்திப்பை டிசம்பர் 7க்குத் தள்ளி வைக்கலாமா என்று பாயைக் கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "வர்றவங்க வரட்டும் சார். நாலு பேர் வந்தாலும் போதும். ஜல்தியா முடிச்சிடலாம்." வயதானவர்கள் மழையில் பேருந்து ஏறி விழுந்தால் யார் பொறுப்பு என்றேன். பொறுப்பு நீங்கதான், நீங்க சொல்றதுதான் என்றார்.

தள்ளி வைத்தேன். எல்லாரும் சரி என்று எழுதினார்கள். ஸ்டெல்லா மட்டும் கொஞ்சம் தாமதமாக: "சரிங்க சார். அம்மா மேடைப் புடவைய எடுத்து வெச்சிருந்தாங்க. திரும்ப மடிச்சி வெச்சிட்டேன்."

மழையால் தள்ளினேனா, பென்டிரைவ் முடியாததால் தள்ளினேனா, அத்தனை பேருக்கு முன்னால் நான் ஏதாவது பேசவேண்டியிருக்கும் என்று தள்ளினேனா. மூன்றும் இருக்கும்.

நவம்பர் 30, ஞாயிறு

புயல் கடலிலேயே வலுவிழந்தது. இங்கே தூறலோடு சரி. பத்து மணிக்கு வெயில்கூட எட்டிப் பார்த்தது.

கமலா வானத்தைப் பார்த்தாள். எதையாவது சொல்லியிருக்கலாம்.

இன்று ஏழு பாட்டு முடித்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

விடிகாலை. ஸ்டெல்லா. போனை எடுத்ததும் தெரிந்துவிட்டது. அழுகைதான் முதலில் வந்தது. அந்த அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

குழுவில் எழுதினேன். "ரெஜினா அம்மா இன்று அதிகாலை காலமானார்."

முதலில் ஒருவர், "சார், இந்த வாட்டி நல்லா விசாரிச்சீங்களா?" இன்னொருவர் ஒரு சிரிப்பு முகம். ஏழுமலைகூட, "மறுபடியுமா சார்" என்று. யார் மேலும் தப்பில்லை. என் எழுத்தை நம்ப அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

சமையலறையில் போய் நின்றேன். மைக் பொத்தானை அழுத்தினேன். குழு தொடங்கியதிலிருந்து நான் குரலில் எதுவும் அனுப்பியதில்லை. என்ன சொன்னேன் என்று சரியாகத் தெரியவில்லை. நாளைக்கு அடக்கம் என்று சொன்னேன். சந்திப்பை நான்தான் தள்ளினேன் என்றும் சொன்னேன். நடுவில் குக்கர் விசில் அடித்தது. திரும்பப் பதிவு செய்யவில்லை, அப்படியே போட்டேன்.

அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் யாரும் எதுவும் எழுதவும் இல்லை. சொல்லவேண்டியதையெல்லாம் போன மாதமே எழுதிவிட்டார்கள்.

டிசம்பர் 5, வெள்ளி

அடக்கம். சர்ச்சில் கடைசி வரிசையிலும் இடமில்லை, வாசலில் நின்றேன். பாதிரியாரின் பிரசங்கம் ஒலிபெருக்கியில் இரைந்தது. நான் நின்ற இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டியில் மேடைப் புடவை. மயில் நீலம்.

ரகீம் பாயை முதன்முறையாக நேரில் பார்த்தேன். படத்தில் இருப்பதைவிடக் குள்ளம். என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. முகம் பார்க்கவேண்டும் என்று அந்த அம்மா கேட்டதை அவருக்குச் சொல்லியிருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் போய், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முகத்தைக் குனிந்து காட்டுவதுபோல் நின்றார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு

பனி. பிறகு நல்ல வெயில்.

ரத்து என்று நான் அறிவிக்கவில்லை. அதனால் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவரவர் எழுதிய பேருந்தில், அவரவர் எழுதிய நேரத்துக்கு. ஸ்டெல்லா வீட்டில் இடம் போதாமல் தெருவில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பெயர் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். சுருதி வாத்தியார் யாரிடமும் தன் பெயரைச் சொல்லவில்லை. ஏழுமலை வேகவைத்த மல்லாட்டையைப் பை நிறையக் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

தெருவில் மற்ற வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். இங்கே இல்லை.

பிறகு எல்லாருமாகக் கல்லறைத் தோட்டம். கல்லின் மேல் மாலைக் குவியல். குனிந்து விலக்கினேன், ஒவ்வொன்றாக. யாரும் தடுக்கவில்லை. மறைவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்றுமில்லை. கல் வெட்டுகிறவர் மழைக்காலம் முடிந்துதான் வருவாராம். அப்படியே பூவைத் திரும்ப வைத்தேன்.

ஸ்டெல்லாவிடம் பென்டிரைவ். எல்லாப் பாட்டும் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை வந்ததும் உட்கார்ந்து சனி மதியம் வரை. இவ்வளவு வேகமாக முடிக்கக்கூடிய வேலைதான் அது. அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டில் அதைப் போட்டுக் கேட்க எதுவும் இல்லை என்றாள். அதை நான் கேட்டே தெரிந்துகொள்ளவில்லை.

திரும்பும் பேருந்தில் கமலா என் தோளில் தூங்கினாள். ஆறு மணி. கூட்டேரிப்பட்டு தாண்டியிருந்தது. ஆறு மணிப் பாட்டை நிறுத்தி வைத்த பிறகு இன்றுதான் போடுகிறேன். ஒலக்கூர்க் கல்யாணம், முதல் பாட்டு, வெட்டாதது. கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்குதா. குச்சி இரண்டு தட்டு. ஒன், டூ, த்ரீ.

கீழே வெகுநேரம் ஒன்றுமில்லை. சிக்னல் போய்ப் போய் வந்தது. விக்கிரவாண்டியில் பார்த்தேன்.

ஸ்டெல்லா: கேக்குது.